மாறாதது எது? தூரம், நேரம், வேகம்: வாசகர் கேள்வி – பதில்

தூரம், நேரம், வேகம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பள்ளிக் கணக்கு, போட்டித் தேர்வுக் கணக்கு, ஓட்டப் பந்தயம், கடல், இடி என்று கேள்விகள் பல பக்கம் போகின்றன. பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘ஒரு கார் 3 மணி நேரத்தில் 195 கி.மீ. செல்கிறது, அதே வேகத்தில் 5 மணி நேரத்தில் எவ்வளவு தூரம் செல்லும்?’ என்றால் சட்டென்று 325 என்கிறாள். ‘மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 4 மணி நேரம் ஆகும் பயணத்துக்கு, 80 கி.மீ. வேகத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?’ என்றால் 5 மணி 20 நிமிடம் என்று எழுதுகிறாள். ‘கூடினால் கூடும், அது நேர் விகிதம், கூடினால் குறையும், அது எதிர் விகிதம்’ என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். பிறகும் ஏன் தவறு வருகிறது?
— வாசகி, திண்டுக்கல்

இரண்டாவது கணக்கிலும் அவள் முதல் கணக்கின் வழியிலேயே போயிருக்கிறாள்: 4 × 80 ÷ 60 = 5⅓ மணி. பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. எதைப் பெருக்குவது, எதால் வகுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் சறுக்கல்.

அந்த மனப்பாட வரி அவளைக் கைவிட்டதில் வியப்பில்லை. ‘கூடினால் கூடும்’ என்பது மட்டும் நேர் விகிதம் ஆகிவிடாது. வயது கூடக் கூடக் குழந்தையின் உயரமும் கூடுகிறது. ஆனால் 5 வயதில் 108 செ.மீ. இருந்த குழந்தை 10 வயதில் 216 செ.மீ. ஆவதில்லை. ஆட்டோ மீட்டரில் தூரத்தோடு கட்டணமும் ஏறுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருப்பதால், தூரம் இரட்டித்தாலும் கட்டணம் சரியாக இரட்டிக்காது. நேர் விகிதம் என்றால் ஒன்று இரண்டு மடங்கானால் மற்றதும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். ஒன்று பாதியானால் மற்றதும் பாதியாக வேண்டும். ஒன்று பூஜ்ஜியமானால் மற்றதும் பூஜ்ஜியமாக வேண்டும்.

எண்களைத் தொடும் முன் அவள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கணக்கில் மாறாமல் இருப்பது எது? முதல் கணக்கில் மாறாதது வேகம். வேகம் மாறாதபோது தூரத்தை நேரத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரும், ஆகவே அது நேர் விகிதம். இரண்டாவது கணக்கில் வேகம்தான் மாறுகிறது, மாறாதது தூரம். தூரம் மாறாதபோது வேகத்தை நேரத்தால் பெருக்கினால் ஒரே எண் வரும்: 60 × 4 = 240. 80-ஐ எதனால் பெருக்கினால் 240? 3 மணி நேரம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நேரம் மாறாதபோது தூரமும் வேகமும் நேர் விகிதத்தில் இருக்கும். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரும் கணக்குகள் இந்த வகை. கீழே தனியே வருகிறது.

நோட்டில் ஒவ்வொரு கணக்கின் தலையிலும் ‘மாறாதது: வேகம்’ அல்லது ‘மாறாதது: தூரம்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே இரண்டு பத்தி போட்டு, ஒன்றின் தலைப்பில் ‘மணி’, மற்றதில் ‘கி.மீ.’ என்று அலகோடு எழுதட்டும். மணிக்குக் கீழே மணி, கி.மீ.க்குக் கீழே கி.மீ. வந்தால் குறுக்குப் பெருக்கலில் எண் இடம் மாறாது. பிழைகளில் பெரும்பகுதி, 195 : 3 = 5 : x என்று இரண்டாவது பக்கத்தில் வரிசையைப் புரட்டிவிடுவதால் வருவதுதான்.

விடை காண இரண்டு வழி உண்டு, இரண்டும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஒன்று ஓரலகு முறை: 195 ÷ 3 = 65, பிறகு 65 × 5 = 325. மற்றது மடங்கு முறை: நேரம் 5/3 மடங்கானதால் தூரமும் 5/3 மடங்கு, 195 × 5/3 = 325. பள்ளியில் முதல் முறைக்கே அழுத்தம் தருகிறார்கள். சில கணக்குகளுக்கு அது நல்லதல்ல. 48 நிமிடத்தில் 35 கி.மீ. போகும் வண்டி 1 மணி 12 நிமிடத்தில் எவ்வளவு போகும்? ஓரலகு முறையில் 35 ÷ 48 = 0.729166… என்று நீளும். 0.73 என்று முழுமைப்படுத்தினால் விடை 52.56 ஆகிவிடும். மடங்கு முறையில் 72 நிமிடம் என்பது 48-இன் ஒன்றரை மடங்கு. 35-இன் ஒன்றரை மடங்கு 52.5. துல்லியமான விடை, தாளே தேவையில்லை.

எதிர் விகிதக் கணக்குகளில் 60 : 80 = x : 4 என்று தலைகீழாக மாற்றி எழுதச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். சரியான முறைதான். ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று குழந்தை யோசிக்கும் நேரத்தில் பிழை நுழைந்துவிடுகிறது. 60 × 4 = 80 × x என்று பெருக்கலாகவே எழுதுவது மேல். 240 என்பது அந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம். அது கண்ணுக்குத் தெரிந்த பொருளாக நிற்கும்.

கடைசியாக, கணக்குப் போடும் முன்பே ‘வேகமாகப் போனால் 4 மணி நேரத்தைவிடக் கூடுமா, குறையுமா?’ என்று கேட்டு, பதிலை ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘குறையும்’ என்று எழுதிய கை 5 மணி 20 நிமிடத்தைப் பார்த்ததும் தானே நின்றுவிடும்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். மணிக்குக் கி.மீ. என்ற வேகத்தை விநாடிக்கு மீட்டராகவும், திருப்பியும் மாற்றும்போது 5/18 எங்கே, 18/5 எங்கே என்று தேர்வுக் கூடத்தில் குழம்பிவிடுகிறது. பிளாட்பாரம், பாலம் என்று வந்தால் விடை குறைவாக வருகிறது.
— வாசகர், விருதுநகர்

பின்னங்களை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு ஜோடியை நினைவில் வையுங்கள்: மணிக்கு 18 கி.மீ. என்பது விநாடிக்கு 5 மீட்டர். 18,000 மீட்டரை 3,600 விநாடியால் வகுத்தால் 5 வருகிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மடங்கு. 72-இல் நான்கு 18 இருக்கின்றன, ஆகவே நான்கு 5, விநாடிக்கு 20 மீட்டர். 54 என்றால் 15, 90 என்றால் 25, 108 என்றால் 30. திருப்பி வரும்போது விநாடிக்கு 35 மீட்டர் என்றால் ஏழு 5, ஏழு 18, மணிக்கு 126 கி.மீ. மீட்டர்–விநாடி எண் எப்போதும் சிறியது. பெரிதாக வந்தால் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

பிளாட்பாரக் கணக்கில் விடை குறைவதற்குக் காரணம், ரயிலின் நீளத்தை விட்டுவிடுவது. ‘கடக்கிறது’ என்றால் எஞ்சின் முகப்பு பிளாட்பாரத்தின் தொடக்கத்தைத் தொடுவது முதல் கடைசிப் பெட்டி மறுமுனையை விட்டு விலகுவது வரை. ஆகவே ரயில் ஓட வேண்டிய தூரம் பிளாட்பாரம் + ரயில். மின்கம்பத்தைக் கடக்கும்போது கம்பத்தின் அகலம் புறக்கணிக்கப்படுவதால், ஓடும் தூரம் ரயிலின் நீளம் மட்டும்.

240 மீட்டர் ரயில் ஒரு கம்பத்தை 12 விநாடியில் கடக்கிறது, 360 மீட்டர் பிளாட்பாரத்தை எத்தனை விநாடியில் கடக்கும்? பலர் முதலில் வேகம் கண்டுபிடித்து, மணிக்குக் கி.மீ. ஆக்கி, பிறகு திரும்பி வருகிறார்கள். தேவையே இல்லை. 240 மீட்டருக்கு 12 விநாடி என்றால் 600 மீட்டருக்கு? தூரம் இரண்டரை மடங்கு, நேரமும் இரண்டரை மடங்கு: 30 விநாடி. ரயில் நீளத்தை மறந்தவர் 18 என்று எழுதுவார். கொடுக்கப்படும் நான்கு விடைகளில் 18-ம் இருக்கும் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள்.

இதையே திருப்பியும் கேட்பார்கள்: 240 மீட்டர் ரயில் கம்பத்தை 12 விநாடியிலும் பிளாட்பாரத்தை 30 விநாடியிலும் கடக்கிறது, பிளாட்பாரத்தின் நீளம் என்ன? 30-இல் 12 விநாடி ரயில் தன் நீளத்துக்கே செலவழித்தது. மீதி 18 விநாடிதான் பிளாட்பாரத்துக்கு. 12 : 18 = 240 : x, ஆகவே 360 மீட்டர்.

ரயில் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய பாம்பன் ரயில் பாலமே நல்ல உதாரணம். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் சுமார் 2 கி.மீ. நீளம். அதில் ரயில்கள் மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துதான் சென்றன. ஒரு பயணி தன் ஜன்னலிலிருந்து பாலத்தைக் கடக்க 12 நிமிடம். 400 மீட்டர் ரயில் முழுவதும் கடக்க 2.4 கி.மீ. ஓட வேண்டும், 14 நிமிடம் 24 விநாடி. கேள்வி பயணியைப் பற்றியதா, ரயிலைப் பற்றியதா என்று பார்த்துவிட்டுக் கணக்கில் இறங்குங்கள்.

300 கி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு ரயில்கள் எதிரெதிரே 60, 90 கி.மீ. வேகத்தில் புறப்பட்டால் எங்கே சந்திக்கும் என்பதை விகிதத்தில் செய்ய முடியுமா?
— வாசகர், நாமக்கல்

முடியும். சந்திக்கும் வரை இரண்டு ரயிலும் ஓடிய நேரம் ஒன்றே. நேரம் மாறாததால் தூரம் வேகத்தின் விகிதத்திலேயே பிரியும்: 60 : 90 = 2 : 3. 300-ஐ 2 : 3 ஆகப் பிரித்தால் 120, 180. நேரம் 120 ÷ 60 = 2 மணி.

புறப்படும் நேரம் வேறாக இருந்தால் இது அப்படியே செல்லாது. முதல் ரயில் 6.00 மணிக்கும் இரண்டாவது 6.30 மணிக்கும் கிளம்பினால், முதல் அரை மணி நேரம் ஒரு ரயில் மட்டுமே ஓடுகிறது. அந்த 30 கி.மீ.யை முதலில் கழித்துவிடுங்கள். மீதி 270-ஐத்தான் 2 : 3 ஆகப் பிரிக்கலாம்: 108, 162. 108 கி.மீ.க்கு 60 வேகத்தில் 1 மணி 48 நிமிடம். 6.30-லிருந்து எண்ணினால் 8.18 மணிக்கு, முதல் ஊரிலிருந்து 138-வது கி.மீ.யில் சந்திக்கும்.

போகும்போது 40, திரும்பும்போது 60 கி.மீ. வேகம். சராசரி 50 இல்லை, 48 என்கிறார்கள். ஏன்?
— வாசகி, மன்னார்குடி

தூரம் ஒன்றே என்பதால், 40-இல் போகவும் 60-இல் திரும்பவும் ஆகும் நேரங்கள் 3 : 2 என்ற விகிதத்தில் இருக்கும். மெதுவான வேகத்தில்தான் அதிக நேரம் கழிகிறது, அதனால் சராசரி அதன் பக்கம் சாய்கிறது. 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள்: 3 மணி + 2 மணி = 5 மணி, மொத்தம் 240 கி.மீ., ஆகவே 48. ஒரு மணி நேரம் 40-இலும் ஒரு மணி நேரம் 60-இலும் ஓட்டியிருந்தால் 50 சரியான விடைதான். கேள்வியில் சமமாக இருப்பது தூரமா, நேரமா என்பதே முடிவு செய்கிறது.

இதோடு சேர்ந்த ஒன்று, சாலையில் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. 100 கி.மீ. பயணத்தில் 40-லிருந்து 60-க்கு ஏறினால் 50 நிமிடம் மிச்சம். 80-லிருந்து 100-க்கு ஏறினால் 15 நிமிடம். 100-லிருந்து 120-க்கு வெறும் 10 நிமிடம். வேகம் ஒரே 20 கூடினாலும் மிச்சமாகும் நேரம் சுருங்கிக்கொண்டே போகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுகிறது: 120-இல் அது 100-இல் இருப்பதைப் போல 1.44 மடங்கு. அந்த 10 நிமிடத்துக்காக இந்த விலையைக் கொடுக்கவே கூடாது.

முதல் முறையாக மாரத்தான் ஓடப் போகிறேன். கி.மீ.க்கு 5.30 என்ற கதியில் ஓடினால் 42.195 கி.மீ.யை 3 மணி 43 நிமிடத்தில் முடிக்கலாம் என்று கால்குலேட்டரில் வருகிறது. நண்பர் 3.52 என்கிறார். யார் சரி?
— வாசகர், கோவை

நண்பர்தான் சரி. 5.30 என்று எழுதியதை 5 நிமிடம் 30 விநாடி என்று நீங்கள் படிக்கிறீர்கள். கால்குலேட்டரோ ஐந்தும் பத்தில் மூன்றும் என்று தசம எண்ணாக, அதாவது 5 நிமிடம் 18 விநாடியாகப் படிக்கிறது. விநாடியாக மாற்றிவிட்டுப் பெருக்குங்கள்: 330 × 42.195 = 13,924 விநாடி, அதாவது 3 மணி 52 நிமிடம் 4 விநாடி. ஒரு கி.மீ.க்கு 12 விநாடிப் பிழை 42 கி.மீ.யில் 8 நிமிடத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. பயண நேரக் கணக்குகளிலும் இதே பள்ளம் இருக்கிறது. 2 மணி 40 நிமிடத்தை 2.40 என்று தட்டாதீர்கள். 160 நிமிடம் என்று தட்டுங்கள்.

கதியும் வேகமும் ஒன்றுக்கொன்று எதிர் விகிதம். மணிக்கு 12 கி.மீ. என்றால் கி.மீ.க்கு 5 நிமிடம், 10 கி.மீ. என்றால் 6 நிமிடம். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 60. டிரெட்மில்லில் 5 நிமிடம் 30 விநாடிக் கதி வேண்டுமானால் 60 ÷ 5.5 = 10.9 என்று வையுங்கள். ஓடுபவர்கள் வேகத்தை விட்டுக் கதியில் பேசுவதில் ஒரு நன்மை உண்டு. முதல் பாதியை 5 நிமிடக் கதியிலும் இரண்டாம் பாதியை 6 நிமிடக் கதியிலும் ஓடினால், சராசரி நேராக 5 நிமிடம் 30 விநாடி. சம தூரங்களுக்குக் கதியைச் சராசரி எடுக்கலாம், வேகத்தை எடுக்கக் கூடாது. 12-க்கும் 10-க்கும் நடுவே 11 என்று எடுத்தால் தவறு, சரியான விடை 10.91.

இரண்டு எச்சரிக்கைகள். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் 42.195-க்குச் சற்று மேலேயே காட்டும். பந்தயப் பாதை மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகிறது, நீங்களோ வளைவுகளில் வெளிப்பக்கமாகவும் ஆட்களைச் சுற்றியும் ஓடுவீர்கள். கடிகாரம் 42.6 கி.மீ. காட்டும் ஓட்டத்துக்கு அதே கதியில் 3 மணி 54 நிமிடம் 18 விநாடி ஆகும். இலக்கு 3.52 என்றால் கதியைக் கி.மீ.க்கு மூன்று நான்கு விநாடி குறைத்தே திட்டமிடுங்கள்.

அடுத்தது, 10 கி.மீ. நேரத்தை 4.2195-ஆல் பெருக்கி மாரத்தான் நேரத்தை எதிர்பார்க்காதீர்கள். 50 நிமிடத்தில் 10 கி.மீ. ஓடுபவருக்கு அப்படி 3 மணி 31 நிமிடம் வரும். அந்தப் பெருக்கல், 42 கி.மீ. முழுவதும் 10 கி.மீ.யின் வேகம் மாறாது என்று சொல்கிறது. உடல் அதற்கு ஒப்பாது. அமெரிக்கப் பொறியாளரும் ஓட்டக்காரருமான பீட்டர் ரீகல் தந்த சூத்திரம் தூர விகிதத்தை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்துகிறது. 4.2195-இன் 1.06 அடுக்கு சுமார் 4.6. 50 × 4.6 = 230 நிமிடம், அதாவது 3 மணி 50 நிமிடம். நீண்ட தூரப் பயிற்சி போதாதவருக்கு இதையும் தாண்டும்.

இயற்கணிதக் குறியீடுகள் இல்லாத காலத்தில் இந்தக் கணக்குகளை எப்படிப் போட்டார்கள்?
— வாசகர், தஞ்சாவூர்

மூன்று எண்களை வரிசையாக வைத்து நான்காவதைக் கண்டார்கள். இதற்குத் திரைராசிகம் என்று பெயர். ஆரியபடர் 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த தம் ஆரியபடீயத்தில், கணித பாதம் என்ற பகுதியில் இந்த விதியை ஒரே செய்யுளில் சொல்லிவிடுகிறார்: பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகு. நம் கார் கணக்கில் 3 மணி பிரமாணம், 195 கி.மீ. அதன் பலம், 5 மணி இச்சை. 195 × 5 ÷ 3. எழுதும் வரிசைதான் இதன் நுட்பம். முதலிலும் கடைசியிலும் ஒரே இனம் (மணி, மணி), நடுவில் வேறு இனம் (கி.மீ.). நடுவையும் கடைசியையும் பெருக்கி முதலால் வகுக்க வேண்டும். விடை எப்போதும் நடு எண்ணின் இனமாகவே வரும்.

எதிர் விகிதத்துக்கு வியஸ்த திரைராசிகம் என்று தனி விதி. பாஸ்கரரின் லீலாவதியிலும் (1150) அது இருக்கிறது. வரிசை அதேதான், முதலையும் நடுவையும் பெருக்கிக் கடைசியால் வகுக்க வேண்டும்: 60, 4, 80 என்று வைத்தால் 60 × 4 ÷ 80 = 3. இச்சை கூடும்போது பலம் குறையும் இடத்தில் இதைப் பயன்படுத்தச் சொன்னார்கள். எந்த அலகிலும் இது ஓடும். 2½ நாழிகை ஒரு மணி நேரம். 2½ நாழிகையில் 5 கி.மீ. நடப்பவர் 6 நாழிகையில்? 5 × 6 ÷ 2½ = 12 கி.மீ. நாழிகையை மணியாக்கும் வேலையே இல்லை. பிரமாணமும் இச்சையும் ஒரே அலகில் இருந்தால் போதும்.

எங்கள் படகில் ஜிபிஎஸ் வேகத்தை நாட் கணக்கில் காட்டுகிறது. கி.மீ. ஆக்க எளிய வழி என்ன? கருவி இல்லாத காலத்தில் கயிற்றை வைத்தே வேகத்தை அளந்தார்களாமே, எப்படி?
— வாசகர், நாகப்பட்டினம்

ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட். ஆகவே 10 நாட் என்றால் மணிக்கு 18.5 கி.மீ. என்று வைத்து மடங்கு போடுங்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கடல்வழி சுமார் 60 கடல் மைல். 15 நாட் வேகத்தில் 4 மணி நேரம், 12 நாட் என்றால் 5 மணி நேரம். தூரம் மாறாததால் எதிர் விகிதம். கடல் மைலும் நாட்டும் ஒன்றாக இருக்கும்வரை கி.மீ.க்கு மாற்றவே வேண்டாம். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடும்போதுதான் கணக்கு கெடுகிறது.

பாய்மரக் கப்பல்களில் முக்கோணப் பலகைத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பின்புறமாகக் கடலில் போடுவார்கள். ஒரு விளிம்பில் ஈயம் வைத்திருப்பதால் பலகை நீரில் செங்குத்தாக நின்று, ஏறக்குறைய போட்ட இடத்திலேயே இருக்கும். கப்பல் நகர நகரக் கயிறு உருளையிலிருந்து ஓடும். தொடக்கத்தில் ஒரு நீளத்துக்கு முடிச்சே இருக்காது. கப்பல் கிளப்பும் சுழலைத் தாண்டிப் பலகை அமைதியான நீருக்குப் போகட்டும் என்பதற்காக. அதன்பின் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. முதல் குறி கையைக் கடந்ததும் 28 விநாடி மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். மணல் தீரும்வரை எத்தனை முடிச்சு கடந்ததோ அத்தனை நாட்.

47 அடி 3 அங்குலம் எங்கிருந்து வந்தது? 3,600 விநாடிக்கு 6,080 அடி (ஒரு கடல் மைல்) என்றால் 28 விநாடிக்கு எவ்வளவு? 6,080 × 28 ÷ 3,600 = 47.29 அடி. விகிதசமத்தைக் கயிற்றிலேயே கட்டி வைத்துவிட்டார்கள். மாலுமிக்கு எண்ணத் தெரிந்தால் போதும்.

கோளாறும் அதே விகிதத்தில்தான் வரும். ஈரத்தில் மணல் மெதுவாக விழுந்து 28-க்குப் பதில் 30 விநாடி ஓடினால், எண்ணும் முடிச்சு 30/28 மடங்கு, 7 சதவீதம் கூடுதல். கப்பல் உண்மையில் போனதைவிட அதிகம் போனதாகக் கணக்கு வரும். கயிறு நீண்டு முடிச்சு இடைவெளி 50 அடி ஆகிவிட்டால் நேர்மாறு, முடிச்சு குறைவாகக் கடக்கும். இதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் கணக்குச் சொல்வதற்கு முன்பே கரை வந்துவிடும். அதனால்தான் கயிற்றை நனைத்துவைத்து அளந்து சரிபார்ப்பார்கள்.

உங்கள் ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம், நீரோட்டமும் அதில் சேர்ந்திருக்கிறது. போகும்போது நீரோட்டம் எதிர், வரும்போது சாதகம் என்றால் ‘சரியாகிவிடும்’ என்று டீசல் கணக்குப் போடாதீர்கள். அசையாத நீரில் 8 நாட் போகும் படகு, 1 நாட் நீரோட்டத்தில் 63 கடல் மைல் போய்வருவதைப் பாருங்கள். எதிர்த்துப் போக 7 நாட்டில் 9 மணி, திரும்ப 9 நாட்டில் 7 மணி, மொத்தம் 16. நீரோட்டமே இல்லாவிட்டால் 15 மணி 45 நிமிடம். மெதுவான பக்கத்தில் அதிக நேரம் கழிகிறது, மேலே மன்னார்குடி வாசகிக்குச் சொன்ன அதே காரணம். நீரோட்டம் வலுக்க வலுக்க இந்த வித்தியாசம் வேகமாகப் பெருகும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினால் தூரம் தெரியுமா?
— வாசகி, தென்காசி

தெரியும். ஒளி வரும் நேரத்தைப் பூஜ்ஜியம் என்றே வைக்கலாம். ஒலி 20 டிகிரி செல்சியஸ் காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர், 30 டிகிரியில் 349 மீட்டர் செல்கிறது. எனவே ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 3 விநாடி. 12 விநாடி கழித்து இடி கேட்டால் 4 கி.மீ. தொலைவு.

மின்னல் தெரிந்ததும் ‘ஒன்று’ என்று தொடங்காதீர்கள், ‘பூஜ்ஜியம்’ என்று தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு விநாடி கூடுதலாகி, மின்னல் 300 மீட்டருக்கு மேல் விலகி இருப்பதாகத் தோன்றும். உருண்டுகொண்டே போகும் இடியில் முதல் ஒலியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மின்னல் பாதையில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பகுதியிலிருந்து வருவது அதுதான். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. வயலிலோ மாடியிலோ நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.